பக்கத்து மாடியின் யூனிட்டுகள்

சோலார் பேனல் வாங்கும்போது எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அது தவறு சார். வெயில் ஏற ஏற உற்பத்தி எவ்வளவு குறையும் என்று கேட்க வேண்டும். நகரி வெயிலுக்கு அதுதான் முக்கியம். நீங்களும் வீட்டுக்குப் போடப் போவதாகக் கான்ஸ்டபிள் முனிசாமி சொன்னார். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் பூவராகவன். திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் லெக்சரர். தினமும் நகரியிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். கோடை முழுக்க அந்த ரயிலில் உட்கார்ந்து பேனல்களைப் பற்றிப் படித்தேன். கடைசியில் இரண்டு கம்பெனிகள் நின்றன. ஒன்று அம்பரா, இன்னொன்று வஜ்ரஜோதி. எங்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை என்று என் மனைவி தேவசேனா சொன்னாள். உண்மைதான். அம்பராவைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்த வீடு தேவசேனாவின் தம்பி மணிவேலுடையது. கீழே விசைத்தறி, மேலே குடித்தனம். ஒருநாள் திருப்பதிக்குச் செருப்பு வாங்கப் போனவன் வஜ்ரஜோதிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான்.

"எதைப் பார்த்துடா வாங்கினே?" என்று கேட்டேன்.

"வெயில் தாங்கல மாமா. அந்தக் கடையில ஏசி இருந்திச்சி. போய்க் குந்திக்கினேன். மோர் குட்த்தாங்க. நல்லவங்களாத் தெரிஞ்சாங்க."

அவன் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

இரண்டு வீட்டிலும் ஒரே அளவு பேனல், ஒரே வாரத்தில் ஏறியது. தெருவில் எல்லாரும் என்னிடம்தான் யோசனை கேட்டார்கள். வாசலில் நின்றபடி நான் செமிகண்டக்டர் பாடம் நடத்தினேன். மணிவேலே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவான். "எங்க மாமா கைல கேளுங்க. அவரு அல்லாத்தியும் பட்ச்சிக்கினு இருக்காரு" என்பான். அதில் கிண்டல் எதுவும் கிடையாது. அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

சாயங்காலமானால் போனை நீட்டிக்கொண்டு வருவான். அன்றைக்கு எத்தனை யூனிட் என்று அதில் தெரியும்.

"எனக்குப் பத்தொம்போது மாமா. உனக்கு?"

எனக்குப் பதினான்கு. இருபது என்றேன். மறுநாளும் அப்படியே. பிசிக்ஸ் படித்த ஒருவன் தினமும் தன் மைத்துனனிடம் யூனிட் விஷயத்தில் பொய் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பில் பொய் சொல்லாது. அவன் பில்லைத் தெருவே பார்த்தது. என் பில்லை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். யோசனை கேட்க வருகிறவர்கள் மெல்ல அவன் வீட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். அவன் அவர்களுக்கு மோர் கொடுத்தான்.

அம்பரா கம்பெனிக்குப் புகார் செய்தேன். சுரேஷ்பாபு என்ற டெக்னீஷியன் வந்தார். மாடிக்குப் போனவர் எதையும் கழற்றவில்லை. மேலே கையைக் காட்டினார்.

"மீ டேங்க் நீடே சார் இதி."

என் தண்ணீர்த் தொட்டியின் நிழல். பத்து மணியிலிருந்து அது என் பேனல்கள் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. கோடை முழுக்கப் படித்தவன் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம் சார். நானும் சிரித்தேன்.

தொட்டியை நகர்த்தினால் போதும். ஆனால் அதை நகர்த்தினால் தெருவே பார்க்கும். ஏன் என்று கேட்கும். பிசிக்ஸ் வாத்தியாருக்கு நிழல் தெரியவில்லை என்று டீக்கடைவரை போகும். அதைவிட அவன் யூனிட்டைக் குறைப்பது சுலபமாகப் பட்டது.

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி அவன் தறிக்கொட்டகையிலேயே இருக்கும். மதியம் அவர்கள் சாப்பிடும் நேரத்தில் ஒரு சொம்பு எடுத்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவன் பேனல்களில் தெளித்தேன். காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். அவன் புறாவைத் திட்டினான். யூனிட் இறங்கியது. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் மணிவேல் சோம்பேறி அல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறிக் கழுவ ஆரம்பித்தான். அவன் பேனல்கள், நான் ஸ்கூட்டர் நிறுத்தும் சந்துப் பக்கமாக, உயரமான இரும்புச் சட்டத்தில் இருந்தன. கழுவுவதற்கு ஓரத்தில் ஒரு நடைபலகை. அவன் கனமான ஆள். பலகையின் கடைசி முனையில் நின்று, வெளியே சாய்ந்து தேய்ப்பான். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். கழுவிய மறுநாள் யூனிட் பழையபடி ஏறிவிடும்.

நான் யோசித்தது இவ்வளவுதான். பலகை ஆடினால் பயப்படுவான். பயந்தால் ஏறமாட்டான். ஏறாவிட்டால் கஞ்சி அங்கேயே இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு காணிப்பாக்கம் கோயிலுக்குப் போயிருந்தபோது ஸ்பானரோடு போய், பலகையின் சந்துப் பக்க முனையில் இருந்த போல்டுகளைக் கழற்றினேன்.

மறுநாள் காலையில் அவன் பிரசாத லட்டோடு வந்தான்.

"மாமா, மேல போறேன். சும்மா கொஞ்சம் ஏணியப் புட்ச்சிக்கிறியா? ஹர்ஷினி வேலையா இருக்குது."

ஹர்ஷினி அவன் மனைவி. எனக்குப் பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது என்றேன்.

"செரி, நீ பாரு. உன்னோடதுலயும் தூசி இருக்குது மாமா. அப்டியே அதையும் தொட்ச்சிட்டு வந்துர்றேன்."

வேண்டாம் என்றேன். லட்டைச் சாப்பிட்டேன்.

பலகை ஆடவில்லை சார். ஒரே அடியாகப் போய்விட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஆம்புலன்ஸில் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. எல்லாக் காரியங்களையும் முன்னால் நின்று நடத்தியது நான்தான். மாமா தாங்கமாட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நேற்றுத் துணி துவைக்கும்போது என் பேன்ட் பாக்கெட்டில் தேவசேனா போல்டுகளைப் பார்த்திருக்கிறாள். தூக்கிப் போட மறந்துவிட்டேன். தொட்டியைப் பார்க்காத அதே மூளைதானே. அவள் கத்தவில்லை. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது எங்க தம்பி வூட்டுதுதானே? சொல்லுங்க."

நான் விளக்க ஆரம்பித்தேன். பலகை ஆட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றேன். அவள் முழுக்கக் கேட்கவில்லை. ஹர்ஷினியைக் கூட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பாதி வகுப்பில் எழுந்து போனவள் அவள் ஒருத்திதான்.

கழற்றியது நான்தான். அதில் மாற்றமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். அவன் விழுவான் என்று நான் கொஞ்சமும் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் சந்தில் நின்ற என் ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளி வைத்தேனே, அது வேறு விஷயம். புது வண்டி சார்.