அண்ணி கதவைத் திறந்தது குறித்து

சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது அறுபத்து மூன்று. மின்சார இலாகாவில் மீட்டர் கணக்கெடுப்பவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தற்போதைய தொழில் என்ன என்று கேட்டதற்கு, பேய்க்கதை எழுதுவது என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். என் கூடப்பிறந்த அண்ணன் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தவர், மூன்று வருடங்களுக்கு முன்பு நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவருடைய மனைவியாகிய என் அண்ணிதான் இந்த வழக்கில் காயம்பட்டவர். அவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் தனியாக இருந்துகொண்டு, குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்து வந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் கல்யாணச் சட்டையைத் தைத்ததும் அவர்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, பகல் பொழுது போகாமல் பேய்க்கதைகள் எழுத ஆரம்பித்தேன். வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தவன் என்பதால், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு, பூட்டிய அறை, உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவு இவையெல்லாம் எனக்குப் பழக்கம். என் மனைவி, "இத்தனை வருஷம் வீட்டுக்கு வீடு பில்லைக் குடுத்து பயமுறுத்தினது பத்தலையா?" என்று கேலி செய்தார். நான் அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. அதன் பிறகு ஒரு மாத இதழின் ஆசிரியர் போனில் என்னைக் கூப்பிட்டு, "பேய் நிறைய வருது சார், பயம்தான் வரலை. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வீட்டை எழுதுங்க" என்று சொன்னார்.

எனக்கு நல்லாத் தெரிந்த வீடு அண்ணியின் வீடு. அண்ணன் பட்டறையிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது கையெல்லாம் கிரீஸாக இருக்கும். தாழ்ப்பாளில் கறை படக்கூடாது என்று படியில் ஏறும்போதே "ராட்டினம், கதவைத் திற" என்று குரல் கொடுப்பார். அண்ணி ஓர் இடத்தில் நிற்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பார் என்பதால் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் அது. வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் இறந்த மறு வருடம் நான் ஒரு நாள் அங்கே போயிருந்தபோது, அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "தம்பி, பைத்தியம்னு நினைக்காதே, அவர் குரல் இன்னும் கேக்குது. நான் போய்த் திறந்துட்டு வரேன். யாரும் இருக்கிறதில்லை. ஆனா கேக்காம இருந்தா அன்னிக்குத் தூக்கம் வராது" என்று சொன்னார். நான் அவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

அதைத்தான் நான் கதையாக எழுதினேன். கதையில் அந்தப் பெண்மணி திறக்கும்போது வாசலில் ஆள் இருப்பதாக மாற்றினேன். அண்ணி வீட்டுப் பச்சைக் கதவையும், கீழேயிருந்து வரும் ரொட்டி வாசனையையும், கூப்பிடும் பெயரையும் மாற்றவில்லை. வேறு பெயர் போட்டுப் பார்த்தேன், கதை செத்துப்போனது. அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் கேட்கவில்லை.

கதை அச்சாகி, அதன் பிறகு ஒருவர் அதைத் தன் குரலில் வாசித்துப் போனில் கேட்கிற மாதிரி வெளியிட்டு, ஏராளமான பேர் கேட்டார்கள். எனக்குத் தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒரு நூலகத்தில் வாசகர் கூட்டம் வைத்து என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "சார், இது நிஜமா நடந்ததா?" என்று கேட்டார். இல்லை, கற்பனை என்று சொல்லியிருக்கலாம். நான் மைக்கைப் பிடித்து, "அந்த வீடு இருக்கு. இங்கேயிருந்து நடந்து போற தூரம்தான்" என்று சொன்னேன். சபை கைதட்டியது. கூட்டம் முடிந்து கீழே இறங்கியதும் சில பையன்கள் சூழ்ந்துகொண்டு எந்தத் தெரு என்று கேட்டார்கள். ரொட்டிக்கடை இருக்கும் தெரு என்று நானே சொன்னேன். இந்த வழக்கில் எதிரிகளாகச் சேர்க்கப்பட்ட மூவரில் கண்ணாடி போட்டவர் அப்போது என் பக்கத்தில் நின்றவர். அடையாளம் காட்டினேன்.

அதன் பிறகு அண்ணி என்னிடம், யாரோ வீட்டைப் போட்டோ எடுக்கிறார்கள் என்று சொன்னார். வீடு வாங்க விற்கச் சுற்றுகிற தரகர்களாக இருக்கும் அண்ணி என்று நான் பொய் சொன்னேன். அதற்குப் பின் ஒரு தாய் வந்து, தைக்கக் கொடுத்த கவுனை, அண்ணி கை வைத்துத் தைத்து முடிக்கும் முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனார். பேய் வீடு என்று பேச்சுப் பரவி, மற்றவர்களும் வருவதைக் குறைத்தார்கள். "நான் என்ன தம்பி தப்புப் பண்ணேன்? அளவெடுக்கக் கையைப் பிடிச்சா குழந்தைங்க அலறுது" என்று அண்ணி கேட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

சம்பவத்தன்று சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, என் மனைவிக்கு மாத்திரை வாங்குவதற்காக ரொட்டிக்கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். அப்போது எதிரிகள் மூவரும் வந்து, ஒருவர் தெருவிலேயே நின்று போனில் படம் பிடிக்க, மற்ற இருவர் மாடிப்படியில் ஏறினார்கள். படி தெருவைப் பார்த்து இருப்பதால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்கள், என்னைக் கண்டால் மரியாதையாக இறங்கி வந்தும் இருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். நான் எழுதிய வரியை இன்னொருவர் வாயால் அந்த இடத்திலேயே சொல்லிக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

கண்ணாடி போட்டவர் பாதிப் படியில் நின்று, குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "ராட்டினம், கதவைத் திற" என்று சொன்னார். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. அவர் மறுபடியும் சொன்னார். அதன் பிறகு அண்ணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார். அவருடைய கழுத்தில் அளவு நாடா தொங்கியது. முகத்தில் சிரிப்பு இருந்தது. அண்ணன் உயிரோடு இருந்த நாளில் பார்த்த சிரிப்பு அது. படியில் நின்ற பையன்களைப் பார்த்ததும் திரும்ப முயன்று, கால் தடுமாறி, படியில் உருண்டு கீழே வந்து விழுந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை. படம் பிடித்தவர் முதலில் சிரித்து, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் போனைக் கீழே இறக்கினார். மூவரும் ஓடிவிட்டார்கள். நானும் ரொட்டிக்கடைக்காரரும் அண்ணியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, பேச்சு வந்த பிறகு அண்ணி என் மனைவியை வெளியே போகச் சொல்லிவிட்டு, "அந்தப் பேரு அந்தப் பசங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. "உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இப்ப அவர் கூப்பிடறதில்லை. காதைத் தீட்டிக்கிட்டுதான் படுத்திருக்கேன். அந்தப் பையன் குரல்தான் வருது" என்று சொன்னார். அதன் பிறகு நான் போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவருக்குச் சோறு கொண்டுபோவது என் மனைவிதான். என் மனைவியும் வீட்டில் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

என்னையும் எதிரியாகச் சேர்க்கும்படி கேட்டேன். கதை எழுதுவது குற்றத்தில் வராது, தெருப்பெயர் சொன்னதும் வராது, பார்த்துக்கொண்டு நின்றதும் வராது, நீங்கள் சாட்சி மட்டும்தான் என்று ஆய்வாளர் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை. அன்று ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் சட்டையில் அண்ணியின் ரத்தம் காயாமல் இருந்தது. அந்த நேரத்தில், அவர் சிரித்துக்கொண்டே ஓடி வந்ததை எப்படி எழுதலாம் என்று என் மனசு ஒரு வரியைக் கட்டியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அது போகவில்லை. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வேறு வார்த்தை வைத்தும் பார்த்தேன். நல்ல வரி. நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். அதை எங்கும் எழுதவில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டிச் சொல்வது என் பழக்கம் என்பதால், இதில் எதையும் கூட்டவில்லை என்று தனியாகச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்)
காவல் ஆய்வாளர்