எழுத்தில்லாத நோட்டு

— எழுத்துக் கூட்டத் தெரியாதவகிட்ட நோட்ட நீட்டுதியே, செல்வதுரை?

— இதுல எழுத்தே கெடையாது, இசக்கித்தாயக்கா. எல்லாம் படம். பொரட்டுங்க, போதும்.

— என்ன படம்?

— அண்ணாச்சி செத்த அன்னைக்கு, புது ஹார்பர்ல நடந்தது.

— எம் புருசன் செத்தத வரஞ்சு எங்கிட்டயே காட்ட வந்தியாக்கும்?

— எழுதத்தான் உக்காந்தேன். நாலு மாசமா எழுதுதேன், கிழிக்கேன். எழுதுனா விசாரணையில சொன்னதேதான் திரும்ப வருது. படமாப் போட்டாத்தான் கை ஒழுங்காப் போவுது.

— குடு... இது அவுகதான். தலப்பாக் கட்டுலயே தெரியுது. இது கப்பலு. இங்கன என்ன, குழி மாதிரி?

— உப்பு மூட்டை அடுக்குத அடியறை. அங்கனதான் நின்னாக.

— மூட்டைய வின்ச்சு மிசினு தூக்குது. இந்தா, கயித்துல ஆடுது. அவுக அண்ணாந்து பாக்காக. அடுத்த பக்கம் ஏன் இம்புட்டுக் கறுப்பு?

— நடுவுல ரெண்டு பக்கத்த விட்டுட்டீக.

— இதா? இதுலயும் மூட்டைதான். சின்னதா இருக்கு. அடுத்ததுல இன்னுஞ் சின்னதா... தம்பி, இது விழுத மூட்டையா?

— ஆமா.

— நீ அவுக பக்கத்துல நின்னேன்னுல்லா சொன்ன?

— விசாரணையில சொன்னேன்.

— கீழ நிக்கவனுக்கு, தலைக்கு மேல வார மூட்டை பெருசாவுல்லா தெரியணும்? இதெல்லாம் மேலருந்து பாத்தது. மேல நின்னது வின்ச்சு ஓட்டுத ஞானையாதான? குடிச்சிட்டு வின்ச்ச விட்டுட்டான்னுதான எல்லாரும் சொன்னீக?

— அவரு குடிக்கல. வயித்த வலிக்குன்னு அஞ்சு நிமிசம் எறங்கிப் போனாரு.

— அந்த அஞ்சு நிமிசம்?

— தொடாதன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. கரையிலருந்து மேஸ்திரி சீக்கிரம், சீக்கிரம்னு கத்துனாரு. எனக்கு ஓட்டத் தெரியும்னு நெனச்சு லீவர இழுத்தேன்.

— ஏலே...

— மூட்டை போனப்ப அண்ணாச்சி என்னத்தான் பாத்தாக. நான் கீழ ஓடி அவுக பக்கத்துல நின்னுக்கிட்டேன். ஞானையா வந்து, தான் அங்கன இல்லன்னு சொன்னத ஒருத்தரும் நம்பல.

— பாவி! அவன் வேலை போச்சு. கேசு வேற. அவன் பொண்டாட்டி அமலோற்பவம் வீட்டு முன்னால மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன்லே நான். பிள்ளையள ஒவ்வொண்ணாப் பேரு சொல்லித் தூத்துனேன்.

— இந்த நோட்ட ஹார்பர் ஆபீஸ்ல குடுங்க. பாத்தா அவங்களுக்கும் புரியும். நான் சாயங்காலம் மெட்ராசுக்கு ரயிலேறுதேன்.

— இதுல எம் புருசன் இருக்காக, கப்பல் இருக்கு, மூட்டை இருக்கு. நீ எங்கன இருக்க?

— பாக்கது நாந்தானக்கா.

— அது எனக்குத் தெரியுது. ஆபீஸ்ல உள்ளவங்க தெரியாத மாதிரி இருந்திருவாங்க. உக்காரு. எந்திரிக்காத.

— கதவ ஏன் தொறக்கீக?

— குழாயடியில அவதான் நிக்கா... ஏளா அமலோற்பவம்! கொடத்த வச்சிட்டு இங்கன வா. ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்க ரெண்டு பேரு இருக்கோம்.