புது பிளேடு

– ஷட்டரை இறக்கு. இறக்குன்னு சொன்னேன்ல? இந்தப் பேச்சு தெருவுக்குப் போகக் கூடாது.

– முடி வெட்டிக்கிட்டே ஊர்க்கதையெல்லாம் அளக்குற மனுசன், சொந்தப் பொண்ணுக்கு ஒரு கையெழுத்துன்னதும் ஷட்டரை இறக்கச் சொல்றீங்க! நல்லா இருக்குங்க உங்க நியாயம்.

– அடியேய், அது என்ன ஸ்கூல் டூருக்குப் போடுற கையெழுத்தா? எய்ட்ஸ் வராம தடுக்குற ஊசிக்கு ஆராய்ச்சி. பதினேழு வயசுப் பொண்ணு அங்க போய் நின்னா, இவளுக்கு எதுக்கு இதுன்னு நாலு பேர் கேப்பாங்களா மாட்டாங்களா?

– அந்த நாலு பேர் வீட்டுக்கும் போயி பயப்படாம அனுப்புங்கன்னு சொன்னது யாரு? ஆராய்ச்சி பண்ற ஆஸ்பத்திரியில பெத்தவங்க கமிட்டின்னு ஒண்ணு போட்டு உங்களைத் தலைவராக்குனாங்களே, அப்ப மட்டும் இனிச்சுதா?

– நான் என்ன பொய்யா சொன்னேன்? பேரு வெளிய வராது, இஷ்டமில்லன்னா எப்ப வேணா விலகிக்கலாம், நோய் இல்லாத பிள்ளைங்களை மட்டும்தான் சேத்துக்குவாங்க. உள்ளதைத்தான் சொன்னேன்.

– உள்ளதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

– அப்பா, ஒரு நிமிஷம்...

– நீ சும்மா இரு. நானும் உங்கம்மாவும் பேசிட்டிருக்கோம்ல?

– அவ விஷயத்துல அவளே வாயைத் திறக்கக் கூடாதாக்கும்! மழைக்கு முன்னாடி கேட்டா. இப்ப மழையே ஓஞ்சு போச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிக்கிறீங்க.

– என் நிலைமை உனக்கு எங்க புரியுது? கையெழுத்துப் போட்டா இவ பேரு கெட்டுரும். போடலைன்னா, என்னை நம்பி அனுப்புனவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? வசமா மாட்டிக்கிட்டேன்டி.

– ஒண்ணு கேக்குறேன். இந்த நாற்காலியில உக்கார்ற ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு மாத்துறீங்களே, உனக்கு அந்த நோய் இருக்கான்னு கேட்டுட்டா மாத்துறீங்க?

– சேச்சே! அப்படிக் கேட்டா எவன் கடைக்கு வருவான்? அது பாதுகாப்புக்கு. யாரையும் சந்தேகப்பட்டு இல்ல.

– இதுவும் அவ்வளவுதாங்க.

– ...வாயாடி. உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? சரி, எங்க அந்தக் காகிதம், குடு. என் கண்ணாடியை எடு. ஏம்மா, எங்க போடணும், இங்கயா? அட, ஏன் அழுற? அதான் போடுறேன்ல கண்ணு.

– வேண்டாம்ப்பா.

– இதென்னடி கூத்து! இவ்வளவு நாளா இதைத்தானே கேட்டுட்டிருந்த?

– போன வாரம் வேற ஆஸ்பத்திரியில டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தேன். இன்னைக்குக் கூப்பிட்டுச் சொன்னாங்க. பேனாவை மூடிருங்கப்பா... நீங்கதானே வீடு வீடாப் போய்ச் சொன்னீங்க, நோய் இல்லாத பிள்ளைங்களை மட்டும்தான் சேத்துக்குவாங்கன்னு.