ஓட்டைக்குச் சொந்தக்காரி

ஹலோ... ஆங், சொல்லுண்ணா... கேக்குது, கேக்குது. நீ எதுக்கு இப்படிக் கிசுகிசுன்னு பேசற?... கடைக்குப் பின்னாடியா? ஆர்கான் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்துல ஒளிஞ்சு நிக்கிறியா? யாருக்குப் பயந்து?...

யாரு, ரேஸ்காரரா? அவர் நாளைக்குத்தானே வரேன்னார்... சரி, வந்தா வந்துட்டுப் போறார். அவர் கார் டேங்க் முக்கால்வாசி முடிஞ்சுதே. மேல மூடி போடற கழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்குக் காலையில ஒட்டித் தரோம்னு சொல்லி அனுப்பு...

என்னது, கேமராவா?... கூட ரெண்டு பேரா... ம்... ம்... அவர் கார் ரேஸுக்கு எப்படித் தயாராகுதுன்னு படம் எடுக்கிறாங்களா. நல்லதுதானே, எடுத்துட்டுப் போகட்டும்... ஓ. நீ வெல்டிங் பண்றதை எடுக்கணுமா.

இல்ல, சிரிக்கலண்ணா. இருமல்...

சரி, சிரிச்சேன். நீயே சொல்லு. பதினோரு வருஷமா நம்ம கடையில வெல்டிங் பண்றது யாரு?... நான். முன்னாடி உக்காந்துக்கிட்டு, 'பாருங்க சார், தையல் போட்ட மாதிரி இருக்கும் நம்ம கைவேலை'ன்னு சொல்றது யாரு?... 'நம்ம'ன்னா ரெண்டு பேரையும் சேத்துத்தானா. கேக்கறவங்களுக்கு அப்படிக் கேக்கலையேண்ணா. போன மாசம் ஒருத்தர் உன் கையைப் பிடிச்சு அந்தக் குலுக்கு குலுக்கினார். நான் நாலடி தள்ளி ஹெல்மெட்டோட நிக்கிறேன். என்னைப் பாத்து, 'தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டா'ன்னார். நீ ஒண்ணும் சொல்லல... ஆமா, நானும் சொல்லல. தண்ணி கொண்டு வந்து குடுத்தேன்.

வர முடியாதுண்ணா... பல்லு டாக்டர்கிட்ட வந்திருக்கேன்னு சொன்னேன்ல... இன்னும் கூப்பிடல. எனக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க. எந்திரிச்சு வந்தா என் முறை போயிடும்...

சிலிண்டர்ல காஸ் தீந்துடுச்சுன்னு சொல்லு... புது சிலிண்டர் இறக்கினதையே படம் எடுத்துட்டாங்களா. அப்ப கை சுளுக்குன்னு சொல்லு... அந்தக் கையாலதான் சிலிண்டரை உருட்டினியா. அதுவும் படத்துல இருக்கா... சரி, கரென்ட் இல்லேன்னு... அவங்க லைட்டையே நம்ம ப்ளக்லதான் சொருகியிருக்காங்களா. நல்லது. எல்லாப் பக்கமும் நல்லாத்தான் அடைச்சிருக்க.

அப்ப உண்மையைச் சொல்லிடேன்... ஏன் முடியாது?... மானம் போயிடுமா. யாரோடது?... சரி விடு, விடு. அழுவுற மாதிரி பேசாத.

கேளு. டேங்கைத் தொடவே தொடாத. கீழ வெட்டிப்போட்ட துண்டுத் தகடு கிடக்கும். அதுல ரெண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக் காட்டு, போதும். ஹெல்மெட்டுக்குள்ள முகம் தெரியாது. அந்த வெளிச்சத்துக்கு யாரும் கிட்ட வந்து பாக்கவும் மாட்டாங்க... ஆமா. மொதல்ல தகட்டை நல்லாத் தேய். அலுமினியத்துக்குன்னு தனியா வெச்சிருக்கேனே, மரப்பிடி பிரஷ், அதால... வேற பிரஷ் வேணாம், இரும்புத்தூள் ஒட்டிக்கும். அப்புறம் சூட்டை ஏத்தற பெடல். மெதுவா மிதிக்கணும்... மெதுவான்னா மெதுவா. இரும்பு மாதிரி இது சிவந்து காட்டாதுண்ணா. சும்மா இருக்கிற மாதிரியே இருக்கும், திடீர்னு ஒரு இடம் கண்ணாடி கணக்கா மினுங்கும். மினுங்கினதும் கம்பியைக் குடுத்துட்டு நகர்ந்துடணும். ஒரு நொடி யோசிச்சேன்னு வை, பொத்துனு உள்ள விழுந்துடும்... ஆமா, சொல்லாம கொள்ளாமத்தான்.

போ... கட் பண்ண வேணாம். போனைச் சட்டைப்பையில போட்டுக்கோ. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

...

அண்ணா, சத்தம் வேற மாதிரி வருதே... துண்டுத் தகட்டுக்கு இப்படி ரீங்காரம் வராது. எதுல பண்ற?... அண்ணா, கேக்குதா? காலை எடு. பெடல்லேந்து காலை எடுண்ணா...

...

ம். கேட்டுச்சு. விழுந்ததும் கேட்டுச்சு, அதுக்கப்புறம் நீ பேசினதும் கேட்டுச்சு... பொறு, மூச்சு வாங்கு. மறுபடியும் பின்னாடி வந்துட்டியா?... டேங்க்லயேவா வெச்ச?... துண்டு வேணாம், கார்ல போற சாமானையே காட்டுங்கன்னு சொன்னாங்களா. எவ்வளவு பெரிய ஓட்டை? ஒரு விரல் போகுமா?... ரெண்டு விரலா.

அது இருக்கட்டும். அவங்ககிட்ட என்ன சொன்ன?... இல்ல, மறுபடியும் சொல்லு. 'இது என் தங்கச்சி பண்ண டேங்க் சார், அவ தகட்டை அங்க மெலிய விட்டிருக்கா'ன்னு சொன்னியா, இல்லையா?... பதட்டத்துல வாயில வந்துடுச்சா.

அண்ணா, இதுவரைக்கும் ஐநூறு டேங்க் போயிருக்கும் நம்ம கடையிலேந்து. ஒண்ணுக்காவது 'என் தங்கச்சி பண்ணது'ன்னு வாயைத் திறந்தியா? இன்னிக்கு ஓட்டை விழுந்ததும் தங்கச்சி ஞாபகம் வந்துடுச்சு... இல்ல, கத்தல. நான் எங்க கத்தறேன். உள்ள போ. போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் முன்னாடி வை... போடு. இல்லேன்னா அவர் நம்பர் என்கிட்டயும் இருக்கு.

...

வணக்கம் சார். நான் அவர் தங்கச்சி பேசறேன்... ஆமா சார், அந்த டேங்க் நான் பண்ணதுதான்... இல்ல இல்ல, டேங்க் நான் பண்ணது. ஓட்டை அண்ணன் பண்ணது... போன வருஷம் உங்களுக்குப் பண்ணின ஆயில் டேங்கா? அதுவும் நான்தான் சார்... நம்ப முடியலேன்னா பரவால்ல. இப்ப விழுந்திருக்கே, அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. குறுக்கே ஒரு தகடு தெரியுதா?... அதுல ஆறு துளை இருக்கும், எண்ணிக்கோங்க. வளைவுல வேகமாத் திருப்பும்போது இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் மொத்தமும் ஒரே பக்கமா ஓடிடக்கூடாதுல்ல, அதுக்குத்தான். இடது மூலையில மூணு புள்ளி இருக்கா?... அது என் குறி சார். எல்லா டேங்க்லயும் இருக்கும்... எல்லாப் பக்கமும் அடைச்சு ஒட்டினப்புறம் எப்படித் தெரியும்? தெரியாதுதான். இப்ப நீங்க பாத்தீங்களே, நீங்கதான் மொத ஆள்.

அது ஒண்ணும் பயமில்ல சார். ஓட்டையைச் சுத்திச் சதுரமா வெட்டி எடுத்துட்டு, புதுத் துண்டு வெச்சு நாளைக்கே நான் ஒட்டித் தரேன். காத்தடிச்சுத் தண்ணியில முக்குவோம். ஒரு குமிழிகூட வரலேன்னு நீங்களே பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நிம்மதியா ஓட்டலாம்... இன்னொண்ணு சார். உங்க இன்ஜினுக்குப் பக்கத்துல அந்தச் சந்துல டேங்க் இம்மி பிசகாம உக்காருதுல்ல, அந்த அளவு எங்க அண்ணன் அட்டையில வெட்டினது. அது எனக்கு வராது. அதையும் உங்க படத்துல சேத்துக்கோங்க.

ஒரு நிமிஷம் சார்... சொல்லுங்க மேடம். அடுத்தது நான்தான்... இல்ல மேடம், அனுபவக் கடிதம் இல்லேன்னு போன்லயே சொல்லியிருந்தேனே... எல்லாம் எங்க கடையிலதான்... ஏதாவது ஒரு ஆதாரமா... சரி, ரெண்டு நிமிஷம் குடுங்க.

என்னண்ணா?... பல்லு டாக்டர் எதுக்கு அனுபவக் கடிதம் கேக்கறாரா.

பல்லு நல்லாத்தான் இருக்குண்ணா. பால் லாரிக்கு டேங்க் பண்ற கம்பெனிக்கு வந்திருக்கேன். வெல்டிங் டெஸ்ட்... ஆமா, வேலைக்குத்தான்... அதே டேங்க்தான், ஆனா ஆள் உள்ள இறங்கி நின்னு பண்ற அளவு... அப்புறம் பேசலாம், இப்ப ரேஸ்காரர்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஸ்பீக்கர் ஓடுதுல்ல?...

சார், ஒரு உதவி. எங்க கடை பில் எல்லாத்துலயும் அண்ணன் கையெழுத்துதான். நான்தான் வெல்டிங் பண்றேன்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட என்கிட்ட இல்ல. அண்ணன் 'இது என் தங்கச்சி பண்ண டேங்க்'னு சொன்னப்போ உங்க கேமரா ஓடிக்கிட்டு இருந்ததா?... அந்த இடத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்ப முடியுமா? அப்படியே டார்ச் அடிச்சு அந்த மூணு புள்ளியையும்... இப்பவேவா? ரொம்ப நன்றி சார்... ஓட்டை தெரிஞ்சாத் தெரியட்டும் சார். குரல் தெளிவா இருக்கா, அது போதும்.

...

ம், வந்துடுச்சு... அண்ணா? ஸ்பீக்கரை எடுத்துட்டியா?... கோவமா?... எப்ப சொல்றதா இருந்தேன்னா... தெரியலண்ணா. கெடைச்சா சொல்லலாம்னு. கெடைக்கலேன்னா எதுக்கு ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டம்... இல்ல, இன்னிக்கு ஓட்டைக்காக இல்ல. இந்த வேலைக்கு அப்ளிகேஷன் பாரம் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு... கடையா? யோசிப்போம். வெல்டிங்குக்கு ஆள் தேடலாம், வரவங்களுக்கு நானே டெஸ்ட் வெக்கிறேன்... சாயங்காலம் வீட்டுல பேசுவோம்ணா. நானும் உன்கிட்ட பொய் சொல்லிட்டுத்தானே வந்திருக்கேன். ரெண்டு பேரும் கணக்கு நேர்.

இப்ப கேளு. இந்தக் கம்பெனிக்காரங்க வீடியோவைப் பாத்துட்டு உனக்குப் போன் பண்ணுவாங்க. இப்பவே, அஞ்சு நிமிஷத்துல... எடு. தயவுசெஞ்சு எடு... என்ன சொல்லணுமா? உள்ளதைச் சொல்லு. எத்தனை வருஷம்னு கேப்பாங்க. யாருன்னு கேப்பாங்க... 'என் தங்கச்சி'ன்னு மட்டும் சொன்னா ஆகாதுண்ணா, அவங்க பாரத்துல தங்கச்சின்னு எழுத முடியாது. பேரைச் சொல்லணும்... வீட்டுல கூப்பிடறது இல்ல. முழுப் பேரு, இனிஷியலோட... ஒரு தரம் சொல்லிப் பாரு.

...

என்னமோ மாதிரி இருக்கா? எனக்கும்தான். இன்னொரு தரம்... ம். கொஞ்சம் சத்தமாச் சொல்லு, ரேஸ்காரருக்கும் கேக்கட்டும்...

சரி, என்னை டெஸ்ட்டுக்கு உள்ள கூப்பிடறாங்க. வெக்கிறேன்.