வலது கால்

பெரிய வியாழன் மதியம், பெங்களூரில் சந்தாபுரா போகும் பஸ். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். கழுத்து வலிக்குமோ, எழுப்பலாமா என்று யோசித்தபடியே எனக்கும் கண் சொக்கியது. முன்னே போகச் சொல்லும் கண்டக்டரின் கன்னட ‘முந்தே ஹோகி’கூட எங்கோ தூரத்தில் கேட்டது. முன் சீட்டில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி.

“ஏன் மேரி, இடது கால நீட்டினா ஃபாதர் கழுவ மாட்டாரா?”

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாகச் சாயங்காலப் பூசையில் பாதிரியார் கால் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் அந்தக் கணவரும் ஒருவர் போலிருக்கிறது.

“எல்லாரும் வலது காலு. உங்களுக்கு மட்டும் இடதா?”

“வலதுல ரெண்டு விரல் இல்லையே. சுகர்ல எடுத்தத ஊருக்கே காட்டணுமா? வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அப்ப ரெண்டு நாளா கல்ல வெச்சுக் குதிகாலத் தேச்சீங்களே, எதுக்காம்?”

“கழுவிட்டு முத்தம் வேற குடுப்பாரு. அழுக்காவா நீட்டறது?”

அந்த அம்மா சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. பஸ் சிக்னலில் நின்றது. வெயில் அவர்கள் தலைமேல் அப்படியே நின்றது.

“கிட்ட பாத்து ஃபாதர் மூஞ்சி சுளிச்சிட்டா?”

“ஆறு மாசம் அந்தப் புண்ணக் கழுவிக் கட்டினேன். நான் ஒரு நாளாவது சுளிச்சேனா?”

கணவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“சரி, வலதே நீட்டறேன். நீ மொத வரிசைல உக்காரு. அவரு குனியறப்ப நான் உன் மொகத்தப் பாத்துக்கறேன்.”