ஆமை என்று எழுத மறுத்தவர்

துபாயில் தேராவிலிருந்து அல் கூஸ் போகும் பேருந்து. மருத்துவமனையில் மகனைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன்னிருக்கையில் இரண்டு தமிழர்கள். பாலைவனத்தில் தங்கப் போகிறவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் குட்டி வீட்டுவண்டியைச் செய்யும் பட்டறையில் அவர்களுக்கு வேலை என்பது பேச்சில் புரிந்தது. விரல்களில் பெயிண்ட் கறை இருந்தவர் சொன்னார்:

“ஆமைன்னு என் கையால எழுத மாட்டேன் பாய்.”

“நம்ம முதலாளி அர்பாப் வண்டிக்கு ஆசையா வச்ச பேருப்பா. ஆமையும் வீட்டை முதுகுலதானே தூக்கிட்டுப் போகுது?”

“ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு அவருக்குத் தெரியுமா?”

“அரபிக்கு அது எப்படித் தெரியும்? எங்க ஊர்க் கரைக்கு வருஷாவருஷம் ஆமை வருது. நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?”

“போன வெள்ளிக்கிழமைதான் ஊர்ல என் புது வீட்டுக்கு நிலை வச்சாங்க. இப்பப் போய் நான் அதை எழுதுறதா?”

“எழுதலன்னா விசாவை கேன்சல் பண்ணிடுவான்.”

“பண்ணட்டும். நத்தைன்னு வைங்கன்னு சொல்லப் போறேன். அதுவும் வீட்டோடதான் போகுது.”

“நத்தைன்னா எவன் வாங்குவான்?”

“ஆமை மட்டும் பறக்குதா?”

பாய் சிரித்துவிட்டார். பட்டறை நிறுத்தம் வந்ததும் பெயிண்டர் எழுந்து வேகமாகக் கதவுப் பக்கம் போனார்.

“இருப்பா, நானும் வர்றேன்” என்று பாய் பின்னாலேயே இறங்கினார். “நீ தனியா நின்னா வேற பெயிண்டரைப் பிடிச்சுடுவான். வெல்டர் நானும் கூட நின்னா கொஞ்சம் யோசிப்பான்.”