இடக்கைத் தையல்

—அந்தத் துண்டை மட்டும் பிரிச்சுத் தாரும், கத்தரீனா. வேறை வள்ளப்பாய்த் துண்டு கொண்டந்திருக்கிறன். மாதாவாணை, இது அதைவிட நல்லது.

—தைச்சு முடிஞ்சதை ஏன் பிரிக்கவேணும், சந்தியோகண்ணை?

—இன்னும் அண்ணையோ? கோயிலிலை எங்கடை கலியாண ஓலை ரெண்டு தரம் வாசிச்சாச்சு. வாற ஞாயிறு மூண்டாவது. சனம் கேட்டால் சிரிக்கும்.

—நாக்குப் பழகேல்லை. என்ரை மனுசன் சிமியோன்ரை சிநேகிதனை ஏழு வருசம் அப்பிடித்தானே கூப்பிட்டனான். இருங்கோவன். ஏன் நிண்டு நிண்டு வாசலைப் பாக்கிறியள்?

—யோசப்பின் ரீச்சர் வந்திடுவா. வந்தால் துண்டைக் கழட்ட விடமாட்டா.

—விடமாட்டாதான். சண்டைக் காலம், துணி கூப்பனுக்குத்தான் எண்டு, வீட்டுக்கு ஒரு பழம் பாய்த்துண்டு கேட்டவ. ஆறு சனிக்கிழமை எங்களை இந்தப் பள்ளிக்கூடத்திலை இருத்திப் படம் கீறப் பழக்கினவ. நாப்பத்திரண்டு வீட்டுச் சனம் கீறியிருக்கு. நாளைக்கு விடிய எல்லாம் ஒரே சீலையாய்க் கோயில் கோபுரத்திலை தொங்கவேணும். கடலுக்கை நிண்டு பாத்தாலும் தெரியவேணுமாம்.

—தெரியும், தெரியும். அடைக்கலநாதன் கீறின கணவாய் பிலாப்பழம் மாதிரித் தெரியும். என்ரை துண்டைத் தாரும்.

—உங்கடை தங்கச்சி ஆசையாய் நண்டு கீறியிருக்கிறாள். அழுவாள்.

—சின்னத்தங்கத்துக்கு ஆர் சொன்னது, என்ரை பரணிலை கை வைக்கச் சொல்லி? நான் கடலுக்குப் போன நேரம் பாத்து வெட்டிக் குடுத்திருக்கிறாள். புதுத் துண்டிலை அவள் நண்டில்லை, திமிங்கிலமே கீறட்டும்.

—பரணிலை ஒளிச்சு வைச்ச பாயோ?

—என்ன ஒளிப்பு? சும்மா கிடந்தது.

—சும்மா கிடந்த பாயை ஏன் பிறகும் பட்டைச் சாயத்திலை தோய்ச்சனீங்கள்? ஒட்டுப் போட்ட இடம் தெரியக்கூடாதெண்டோ?

—என்ன ஒட்டு?

—கிட்ட வாங்கோ. இந்த ஒட்டு. தையல் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?

—தையல் தையல்தானே.

—இந்தக் கரையிலை இடக்கையாலை பாய் தைக்கிறவள் நான் ஒருத்திதான். மாமி மரியநாயகி எத்தினை தரம் ஏசினவ, மாறித் தைச்ச பாய் மாறித்தான் போகும் எண்டு. இது சிமியோன்ரை பாய். அவர் கடைசியாய்ப் போறதுக்கு முதல்நாள் நான் போட்ட ஒட்டு.

—கத்தரீனா...

—கதையுங்கோ.

—மண்டைதீவுக் கரையிலை ஒதுங்கிக் கிடந்தது. உமக்குக் காட்ட மனம் வரேல்லை. நீர் நாள் தவறாமல் கரையிலை வந்து நிண்டீர். மாதாவாணை, உமக்காகத்தான் மறைச்சனான்.

—வள்ளம் கவிழ்ந்ததைக் கண்ணாலை கண்டனான் எண்டு சாமியாரிட்டைச் சாட்சி சொன்னியள். அந்தச் சொல்லை நம்பித்தானே அவருக்குப் பூசை வைச்சது. அந்தச் சொல்லை நம்பித்தானே நான் மூண்டு வருசம் கறுப்புடுத்தது.

—ஓம்.

—இப்ப வாசிக்கிற ஓலையும் அதை நம்பித்தான்.

—ஓம், ஓம். ஏன் பழசைக் கிளறுறீர்?

—பாய், பாய்மரத்தோடை வந்ததோ?

—இல்லை. பாய் மட்டும். அலையிலை அடிபட்டு வந்தது, மாதாவாணை.

—மாதாவை விடுங்கோ. இந்த மூலையைப் பிடியுங்கோ. மரத்திலை கட்டுற கயிறு இன்னும் கிடக்கு. அறுந்திருக்கோ?

—இல்லை.

—துணி கிழிஞ்சிருக்கோ?

—இல்லை.

—சிமியோன்ரை முடிச்சு பல்லாலை இழுத்தாலும் இளகாது. ஆரோ பொறுமையாய் அவிட்டு, சுத்தி, நுனியை உள்ளுக்கை செருகியிருக்கு. கடல் அறுக்கும். கிழிக்கும். முடிச்சு அவிழ்க்காது.

—ரீச்சர்ரை சத்தம் கேக்குது. பிறகு கதைப்பம்.

—வரட்டும். அண்டைக்கு அவருக்குப் பக்கத்திலை கடலிலை நிண்டது நீங்கள் ஒராள்தான். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்களோ அவரைச் சாக்காட்டினது?

—ஐயோ, இல்லை! நானில்லை. அவிட்டது அவன்தான். பாம்பன் கரையிலை நிண்டு, இதைக் கொண்டுபோய்க் காட்டி நான் செத்திட்டன் எண்டு சொல்லடா எண்டு, மடிச்சு என்ரை கையிலை தந்தவன். போன மாசமும் கண்டனான், கத்தரீனா.